புதுப்பிப்பு: எறிய இருந்த தட்டுப் பவளத்தில் குட்டிகள்

சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சானின் கடல்நீர் மீன் தொட்டியில், மணல் மேல் தட்டு மாதிரி தனியாகக் கிடக்கும் ஃபங்கியா வகைத் தட்டுப் பவளம் ஒன்று சதை கரைந்து வெறும் வெள்ளைக் கூடாகிவிட்டது, எறிந்துவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். "மணலிலேயே விட்டு வையுங்க" என்று பலர் சொன்னீர்கள். விட்டு வைத்தார்.

நேற்று வீடியோ காலில் காட்டினார். கூட்டின் விளிம்பிலும் மடிப்புகளுக்கு நடுவிலும் மிளகு அளவில் பச்சை மொட்டுகள்! கேமராவைக் கிட்டக் கொண்டுபோனதும் ஒவ்வொன்றின் நடுவிலும் சின்னதாக வாய் தெரிந்தது. கூட்டுக்குள் ஒட்டியிருந்த துளிச் சதையிலிருந்து முளைத்தவை. இவை காம்பில் நின்று வளரும். தட்டு விரிந்த பிறகு தானே முறிந்து விழும். அவசரப்பட்டு ஒடிக்க வேண்டாம். நல்ல பவளத்தையே வாயோடு சேர்த்து அறுத்துத் துண்டு போடுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் இஷ்டமில்லை.

தண்ணீரில் கால்சியம் லிட்டருக்கு 420 மி.கி., வெப்பம் 26 டிகிரி, மிதமான நீரோட்டம், அவ்வளவுதான். பாறை மேல் மட்டும் வைக்காதீர்கள். வளர்ந்த தட்டு உடம்பை ஊதி நகரும், உருண்டு விழுந்தால் சதை கிழிந்துவிடும்.

அப்புறம், "கிருஷ்ணகிரிக்கு ஒரு குட்டி வருமா?" என்று கேட்ட தம்பிக்கு: வராது. கல் பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-லேயே சேர்ந்துவிட்டன. இங்கே வைத்திருப்பதே குற்றம். என் தொட்டியில் கோமாளி மீன்கள்தான். நம்ம பக்கத்து போர் தண்ணீரில் இருக்கிற ஃப்ளோரைடுக்கும் கடினத்தன்மைக்கும் அவற்றுக்கே ஆர்.ஓ. தண்ணீரில்தான் உப்பு கலக்கிறேன்.

குட்டிகள் மணலில் இறங்கியதும் படம் போடுகிறேன்.