காரைக்குடி பக்கம் மூணு ஏக்கர் செம்மண் காடு, எதுல ஆரம்பிக்கிறது?

அண்ணே எல்லாருக்கும் வணக்கம். திருப்பூர் வேலைய விட்டுட்டு நான், வீட்டுக்காரி, ரெண்டு பிள்ளைக, அம்மான்னு ஊருக்கே வந்துட்டோம். அப்பச்சி காலத்து நிலம், இருவது வருஷமா சும்மா கெடந்து சீமைக்கருவேலம் மண்டிக்கெடக்கு, மண்ணு செம்மண்ணு, கீழ செம்பராங்கல்லு வேற. உடனே போர் போட்ரலாமான்னு யோசிக்கிறோம், என்ன சொல்றீங்க?

பதில் 1:
தம்பி, அவசரப்பட்டு போர் போடாதீங்க. முதல்ல கருவேலத்த ஜேசிபி வச்சு வேரோட பிடுங்குங்க, வெட்டி மட்டும் விட்டா அடிக்கட்டையில இருந்து திரும்பத் தழைச்சிரும், நான் அப்புடி வெட்டி விட்டு ஒரு வருஷம் வீணாப்போச்சு. நமக்கு மழைங்கிறது ஐப்பசி கார்த்திகைதான், அதுக்குள்ள வரப்ப உசத்தி பள்ளமான மூலையில ஒரு பண்ணைக்குட்டை வெட்டிருங்க. ஆவணி கடைசியில ஒரு மழை கெடச்சா சணப்பு, கொள்ளு, தட்டப்பயறுன்னு கலந்து வெதச்சு, பூ எடுக்குறப்ப மடக்கி உழுதுருங்க, செத்த மண்ணுக்கு அதுதான் சாப்பாடு.

பதில் 2:
குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துல மண்ணக் குடுத்து டெஸ்ட் பண்ணிக்கங்க. செட்டிநாட்டுலயே வறண்ட நில ஆராய்ச்சி நிலையம் இருக்கு, நேர்ல போய்க் கேளுங்க. அஞ்சு ஏக்கருக்குள்ளன்னா சிறு விவசாயி சான்று வாங்கிட்டா சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் உண்டு. பட்டா அப்பச்சி பேர்லயே இருந்தா முதல்ல அத மாத்துங்க.

பதில் 3:
நாலு வெள்ளாடு, பத்து நாட்டுக்கோழி இப்பவே வாங்குங்க தம்பி, அம்மா பாத்துக்குவாக. கடலை போட்டா மயிலு ஒண்ணு விடாது, காவலுக்கு ஆள் வேணும்.