எஸ்சிபி: ‘காப்புநகல்’ வேண்டாம், வேறு சொல்?

வணக்கம்.

கையேட்டில் எஸ்சிபி (ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பை நகலெடுக்கும் கட்டளை) வரும் இடமெல்லாம் ‘காப்புநகல்’ என்று போட்டிருக்கிறோம். பேக்கப்புக்கு அந்தச் சொல் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. “வழங்கியிலிருந்து (சர்வர்) காப்புநகல் எடுக்கவும்” என்றால் படிப்பவர் பேக்கப் என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘தொலைநகல்’ ஃபேக்ஸுக்குப் போயாயிற்று.

‘பாதுகாப்பான நகல்’ என்பதும் தப்பர்த்தம் தரும். எஸ்எஸ்எச் (தொலைக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் நெறிமுறை) இணைப்பில் போகும்வரைதான் மறையாக்கம் (என்க்ரிப்ஷன்); அந்தப் பக்கம் இறங்கியதும் வட்டில் வெறும் கோப்பாகத்தான் கிடக்கும். அடைமொழி வழிக்குத்தான் சேர வேண்டும். ‘மறைவழி நகலெடுப்பு’ சரியா?

———

> மறைவழி நகலெடுப்பு

ஐயா, ஏதோ கள்ளத்தனமாக எடுப்பதுபோல் தொனிக்கிறதே! தவிர, மறையாக்கம் பாதி வேலைதான். எதிர்முனையில் இருப்பது நாம் நினைத்த வழங்கிதானா என்று அதன் சாவியைச் சரிபார்ப்பது மறுபாதி. வழங்கியைப் புதிதாக நிறுவினால் சாவி மாறி, இணைப்பு மறுக்கப்படும். பலர் ஏன் என்று பார்க்காமலே தம் கணினியில் பதிந்திருக்கும் பழைய சாவியின் வரியை அழித்துவிட்டு ‘யெஸ்’ தட்டுகிறார்கள். இரண்டையும் தாங்க ‘காவல்வழி நகலெடுப்பு’ என்கிறேன்.

ஆர்சிங்க்கையும் (கோப்புகளை ஒத்திசைக்கும் இன்னொரு கட்டளை) இதில் அடைக்காதீர்கள். 1996-இல் ட்ரிட்ஜெல்லும் மெக்கராஸும் அதை வெளியிட்டது மாறிய பகுதியை மட்டும் அனுப்பத்தான். 40 ஜிபி கோப்பு பாதியில் அறுந்தால் எஸ்சிபி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆர்சிங்க்கில் கட்டளையோடு பெரிய ‘பி’ (-P) இட்டிருந்தால் வந்து சேர்ந்த பகுதி வீணாகாது. (எஸ்சிபியில் அதே பெரிய ‘பி’ போர்ட் எண்ணுக்கு, சிறிய ‘பி’ கோப்பின் நேரத்தையும் அனுமதிகளையும் காப்பதற்கு. எஸ்எஸ்எச்சில் சிறிய ‘பி’தான் போர்ட். கை தடுமாறும் இடம்.) ஆர்சிங்க் செய்வதற்கு ‘வேறுபாட்டு ஒத்திசைவு’ என்று தனியாக வைக்கலாம்.

———

> காவல்வழி நகலெடுப்பு

எனக்குச் சம்மதம். ஆனால் சொல் செயலுக்கு மட்டும். கட்டளைப் பெயர் எஸ்சிபி என்றே இருக்கட்டும். அதைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளின் 9.0 பதிப்பு (2022) முதல் அந்தக் கட்டளை உள்ளுக்குள், பழைய எஸ்சிபி நெறிமுறையை விட்டு, எஸ்எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற நெறிமுறையில்தான் ஓடுகிறது. பழையது மட்டுமே தெரிந்த வழங்கிக்குப் பெரிய ‘ஓ’ சேர்க்க வேண்டும்.

விளக்கத்தில் ‘வழங்கியிலிருந்து வழங்கிக்கு நேரடியாக’ என்று எழுதியிருப்பதையும் திருத்துங்கள். ஓப்பன்எஸ்எஸ்எச் 8.7 முதல், இரண்டு தொலை வழங்கிகளுக்கிடையே எடுத்தால் தரவு முழுக்கக் கட்டளையிடும் கணினி வழியாக வந்துபோகும். வீட்டிலிருந்து இட்டால் வீட்டு இணைய வேகம்தான். நேரடியாகப் போகப் பெரிய ‘ஆர்’ உண்டு. அதற்கு முதல் வழங்கி இரண்டாவதற்குள் கடவுச்சொல் கேட்காமல் நுழைய முடிய வேண்டும்.