அழைப்புப் பத்திரிகையில் எம்.பி. பெயர் போடலாமா? (‘பெரிய வீடு’ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாலை)

பெரியப்பா: பிரியா, பத்திரிகை புரூஃப் என்ன ஆயிற்று? அச்சகத்தில் ஏழரைக்கு ஷட்டரை இறக்கிவிடுவார்கள்

பிரியா: இதோ பெரியப்பா. (படம்) தாத்தா நூற்றாண்டு, நூலகக் கட்டடத் திறப்பு. திறந்துவைப்பவர் நம் எம்.பி. எல்லோரும் பிழை பார்த்துச் சொல்லுங்கள்

சுமதி சித்தி: பார்த்தேன். அப்புறம் சொல்கிறேன்

குமார் சித்தப்பா: எம்.பி. பெயரை எடுத்துவிடு

பெரியப்பா: ஏன்டா

குமார் சித்தப்பா: (பலமுறை பகிரப்பட்டது) 2020இல் மூன்று வேளாண் சட்டங்களுக்கும் ஆதரவாக வாக்களித்த எம்.பி.க்கள் பட்டியல்!! 17ஆவது பெயரைப் பாருங்கள்!! விவசாயி வீட்டில் பிறந்தவராக இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பவும்!!

குமார் சித்தப்பா: 17ஆவது பெயர் யாருடையது என்று பார்த்தீர்களா? அப்பா சேற்றில் இறங்கி நின்றவர். அவர் நூற்றாண்டில் வரும் கட்டடத்தை இந்த ஆள் திறப்பதா?

சின்ன அத்தை: அடக் கடவுளே

பிரியா: இது எங்கிருந்து வந்தது சித்தப்பா?

குமார் சித்தப்பா: வாக்கிங் குழு

வாத்தியார் மாமா: குமார், அந்தப் பட்டியல் பொய். அப்படி ஒரு பட்டியல் இருக்கவே முடியாது. விளக்கமாக எழுதுகிறேன், சற்றுப் பொறுங்கள்.

சுமதி சித்தி: போச்சு. நான் போய் இட்லிக்கு ஊற்றிவிட்டு வருகிறேன்

சின்ன அத்தை: வேன் சொல்லியாச்சா? போன முறை மாதிரி நான் ரோட்டில் நிற்க மாட்டேன்

வாத்தியார் மாமா: அந்தச் சட்டங்கள் 2020 செப்டம்பரில் இரண்டு அவையிலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியவை. ஆதரிப்பவர்கள் ‘ஆம்’ என்பார்கள், எதிர்ப்பவர்கள் ‘இல்லை’ என்பார்கள். எந்தப் பக்கம் குரல் ஓங்கியது என்று அவையை நடத்துபவர் காதுக்குப் படுகிறதோ அதுதான் முடிவு. யார் எதைச் சொன்னார் என்று யாரும் எழுதிவைப்பதில்லை. ஓர் உறுப்பினர் முடிவை ஏற்காமல் ‘டிவிஷன்’ கேட்டு, அது நடந்தால்தான் பெயர் பெயராகப் பதிவாகும். மாநிலங்களவையில் செப்டம்பர் 20 அன்று எதிர்க்கட்சிகள் கேட்டார்கள். ஒரே அமளி. கிடைக்கவில்லை. மறுநாள் 8 உறுப்பினர்களை இடைநீக்கம் செய்ததுதான் மிச்சம். 2021 நவம்பர் 29இல் அதே சட்டங்களை ரத்து செய்ததும் குரல் வாக்கெடுப்பில்தான், அதுவும் விவாதமே இல்லாமல். வந்தபோதும் பெயர் இல்லை, போனபோதும் பெயர் இல்லை.

பெரியப்பா: சரி

பெரியப்பா: பிரியா, தேதிக்குக் கீழே கிழமை விட்டுப்போயிருக்கிறது

குமார் சித்தப்பா: அத்தான், அப்படியென்றால் என் ஓட்டை வாங்கிக்கொண்டு டெல்லிக்குப் போனவர் அங்கே என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியவே தெரியாதா? இது என்ன நியாயம்?

வாத்தியார் மாமா: நல்ல கேள்வி. முப்பது வருடம் குடிமையியல் நடத்தினேன், ஒரு பையன் கேட்டதில்லை. பேசியது பதிவாகும். கேட்ட கேள்வி பதிவாகும். பெரும்பாலான மசோதாக்களில் வாக்கு மட்டும் பதிவாகாது.

பெரிய அத்தை: பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு நேரமாக யாருக்கு எழுதுகிறீர்கள்? தேங்காய் உரித்துத் தரச் சொன்னேன்

வாத்தியார் மாமா: ஐந்து நிமிடம்.

வாத்தியார் மாமா: பதிவானாலும் அது அவர் மனசு என்று எடுத்துக்கொள்ள முடியாது. 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் கொறடா உத்தரவு போட்டுவிட்டால், அதை மீறி வாக்களித்தாலும் பதவி போகும், வாக்களிக்காமல் வெளியே நின்றாலும் போகும். கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால் பிழைக்கலாம். ஆகவே அவையின் வாக்குப் பலகையில் தெரிவது அநேகமாகக் கட்சியின் வாக்குதான். அதையும் மீறியவர் உண்டு. 1999 ஏப்ரல் 17, வாஜ்பாய் அரசு மீதான நம்பிக்கை வாக்கெடுப்பில் தன் கட்சி சொன்னதை மீறி எதிர்த்து வாக்களித்த எம்.பி. சைஃபுதீன் சோஸ்.

செந்தில் மாமா: ஆரம்பித்துவிட்டார்கள் 😂

பிரியா: என்ன 1999?

செந்தில் மாமா: உனக்குத் தெரியாதா? எல்லோரும் பெரிய வீட்டு ஹாலில் டிவி முன்னால். ஆட்சி தப்பிக்கும் என்று உன் சித்தப்பா கையில் இருந்த ஹெச்எம்டி வாட்சைக் கழற்றி டிவி மேலே வைத்துப் பந்தயம் கட்டினார். ஆதரவு 269, எதிர்ப்பு 270. பலகையில் எண் வந்ததும் தாத்தாகூட எழுந்து நின்றுவிட்டார். திரும்பிப் பார்த்தால் டிவி மேலே வாட்ச் இல்லை

வாத்தியார் மாமா: இன்றுவரை என் கைக்கு வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

குமார் சித்தப்பா: ஒரு வாக்கில் தோற்றதெல்லாம் தோல்வியா அத்தான்

பெரியப்பா: விஷயத்துக்கு வாருங்கள்

குமார் சித்தப்பா: சரி, வாக்கை விடுங்கள். சபைக்கே ஒழுங்காகப் போவதில்லையாம். வருகை பாதிகூட இல்லை என்கிறார்கள்

வாத்தியார் மாமா: வருகை என்பது ஒரு பதிவு, அவ்வளவுதான். பதிந்துவிட்டு வெளியே போனாலும் வருகைதான். அமைச்சர்கள் வருகையைப் பதிவதே இல்லை, அதற்காக அவர்கள் வரவில்லை என்றா சொல்வாய்?

பிரியா: நான் இப்போது மக்களவை இணையதளத்தில் பார்க்கிறேன். அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் இருக்கின்றன. தென்னையில் வெள்ளை ஈ பற்றி ஒரு கேள்வி, நம் லெவல் கிராசிங் மேம்பாலம் பற்றி இரண்டு. வேளாண் சட்டம் பற்றி எதையும் காணோம்

குமார் சித்தப்பா: பார்த்தாயா? வாயே திறக்கவில்லை

செந்தில் மாமா: வெள்ளை ஈ பற்றிக் கேட்டாரா? என்ன பதில் வந்தது? என் தோப்பில் ஓலையெல்லாம் கரி பூசினமாதிரி கிடக்கிறது

பிரியா: பிடிஎஃப் அனுப்புகிறேன் மாமா

பெரியப்பா: குமார், ஒன்று யோசி. கட்டடம் வந்தது எம்.பி.யின் தொகுதி மேம்பாட்டு நிதியில். 2019இல் மனு கொடுத்தோம். கோவிட் வந்ததும் 2020 ஏப்ரலில் அந்த நிதியையே நிறுத்திவிட்டார்கள். 2021 நவம்பரில்தான் திரும்ப விட்டார்கள். அதற்கப்புறம் நான் அந்த அலுவலகத்துக்கு எத்தனை முறை அலைந்தேன் தெரியுமா?

குமார் சித்தப்பா: அவர் வீட்டுப் பணமா அண்ணா? நம் வரிப்பணம்

வாத்தியார் மாமா: ஆண்டுக்கு 5 கோடி. உறுப்பினர் பரிந்துரைப்பார், அனுமதி கொடுப்பது மாவட்ட நிர்வாகம்.

குமார் சித்தப்பா: அப்போது கலெக்டரைக் கூப்பிடுவோம்

பெரியப்பா: எம்.பி.க்கு வார்த்தை கொடுத்தாயிற்று

பெரிய அத்தை: நிலம் மட்டும் ஆகாயத்திலிருந்து விழுந்ததா? அதில் என் பங்கும் இருக்கிறது. கையெழுத்துப் போட வா என்றீர்கள், வந்தேன். பத்திரிகையில் என் பெயர் எங்கே?

(சற்று நேரம் யாரும் பேசவில்லை)

சுமதி சித்தி: நான் அப்புறம் சொல்கிறேன் என்றது இதைத்தான். பத்திரிகையில் 14 பெயர். எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூட பெண் பெயர் இல்லை. ‘மற்றும் மகள்கள், மருமகள்கள்’ என்று கடைசியில் ஒரு வரி

சின்ன அத்தை: 👏👏

சுமதி சித்தி: அண்ணா, பெண்களுக்கான அந்த 33 சதவீத இடஒதுக்கீட்டு மசோதாவுக்கு நம் எம்.பி. என்ன வாக்களித்தார்? அதாவது பதிவில் இருக்கிறதா?

வாத்தியார் மாமா: இருக்கிறது. அரசியல் சாசனத் திருத்தத்துக்கு எண்ணியே ஆகவேண்டும், மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2023 செப்டம்பர் 20, மக்களவை, 454க்கு 2. இவர் ஆதரவு. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும் என்று எழுதித்தான் நிறைவேற்றினார்கள்.

சுமதி சித்தி: நம் வீட்டிலும் அப்படித்தான். ‘அடுத்த விசேஷத்தில் பார்ப்போம்’

பெரியப்பா: யாரும் வேண்டுமென்று செய்யவில்லை அம்மா. பிரியா, பெரிய அத்தை பெயரைச் சேர்

பெரிய அத்தை: கேட்டபிறகு சேர்ப்பது

பிரியா: எல்லா அத்தை, சித்தி பெயரும் சேர்த்தால் அட்டை போதாது பெரியப்பா. மூன்று மடிப்பாக்க வேண்டும்

பெரியப்பா: விலை கேள்

பிரியா: எம்.பி. விஷயம்? மணி 7.10. நான் குழுவில் ஒரு வாக்கெடுப்பு போடுகிறேன். இதில் யார் எதற்கு வாக்களித்தார் என்று பெயரோடு தெரியும், சொல்லிவிட்டேன்

பிரியா: (வாக்கெடுப்பு) எம்.பி. பெயர் பத்திரிகையில் இருக்கலாமா? ஆம் / இல்லை

வாத்தியார் மாமா: இதுதான் டிவிஷன்.

செந்தில் மாமா: ஆம் போட்டுவிட்டேன். வெள்ளை ஈக்காக

பிரியா: ஆம் 4. வாத்தியார் மாமா, செந்தில் மாமா, சின்ன அத்தை, சுமதி சித்தி

குமார் சித்தப்பா: சுமதி???

சுமதி சித்தி: கொறடா உத்தரவு எதுவும் எனக்கு வரவில்லை

குமார் சித்தப்பா: நான் வாக்களிக்கவில்லை. வெளிநடப்பு

பிரியா: சித்தப்பா, அந்தப் பட்டியலை வாக்கிங் குழுவில் பொய் என்று சொல்லிவிடுவீர்களா?

குமார் சித்தப்பா: அங்கே என் சம்பந்தி இருக்கிறார். பார்க்கலாம்

பிரியா: பெரியப்பா, நீங்கள் இரண்டையும் தொட்டிருக்கிறீர்கள். ஆமும் விழுந்திருக்கிறது, இல்லையும் விழுந்திருக்கிறது

பெரியப்பா: கண்ணாடி போடவில்லை. எது எங்கே இருக்கிறது?

பிரியா: அச்சகத்தில் ஃபோன் எடுக்கவில்லை

பெரியப்பா: காலையில் பார்த்துக்கொள்ளலாம். எம்.பி. பெயர் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும், ‘திறந்துவைப்பவர்’ என்பதை மட்டும் ‘முன்னிலை’ என்று மாற்றினால் என்ன?

குமார் சித்தப்பா: அப்போது திறப்பது யார்?

பெரிய அத்தை: நான் திறக்கிறேன். அதற்கு முன்னால் யாராவது இவரிடமிருந்து ஃபோனை வாங்குங்கள், தேங்காய் இன்னும் அப்படியே கிடக்கிறது