மறு: கோரிபாந்தர் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

கிரேக்கப் புராணத்தில் வரும் கோரிபாந்தர் (Korybantes) என்ற ஆட்டக் கூட்டத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று இந்த இழையில் கேட்டிருந்தார்கள்; சாமியாடிகள், வெறியாட்டாளர் என்றெல்லாம் பதில் வந்திருக்கிறது. ‘சாமியாடிகள்’ எனக்குச் சரியாகப் படவில்லை. சாமியாடி பெரும்பாலும் தனியாள், அவர்மேல் சாமி இறங்கும், குறி சொல்வார். கோரிபாந்தர் கூட்டமாக ஆடுகிறவர்கள்: தலையில் குடுமி வைத்த கவசம், கையில் ஆயுதம், கூடவே பறையும் கைத்தாளமும் குழலும் சேர்ந்து காதைப் பிளக்கும். பிரிஜியாவில், அதாவது இன்றைய துருக்கிப் பக்கம், சிபெலி என்ற தாய்த்தெய்வத்தின் பரிவாரம் இவர்கள். புராணத்தில் மனிதர்களே இல்லை, அம்மனோடு வரும் கணங்கள்; சடங்கில் அந்தக் கணங்களைப் போல ஆடியவர்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

அப்புறம், இவர்கள் மட்டும் என்றால் பெயரை அப்படியே ஒலிபெயர்த்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இதே மாதிரி ஆடுகிறவர்கள் வேறு இடங்களிலும் உண்டு. கிரீட் தீவில் கூரேத்தர் இருக்கிறார்கள். பிறந்த பிள்ளைகளையெல்லாம் குரோனஸ் விழுங்கிவிடுகிறான் என்று அவன் மனைவி ரேயா, பின்னால் தேவர்களுக்கு அரசனாகப்போகும் குழந்தை சூஸைக் குகையில் ஒளித்துவைக்க, அழுகுரல் வெளியே கேட்காதபடி ஆயுதத்தால் கேடயத்தைத் தட்டித் தட்டி ஆடியவர்கள் அவர்கள். ரோமில் போர்த்தெய்வமான மார்ஸின் பூசாரிகளான சாலியர், மார்ச் மாதத்தில் கேடயங்களோடு தெருத்தெருவாகக் குதித்து ஆடினார்கள். ரோமின் பழைய அரசன் நூமா காலத்தில் வானிலிருந்து ஒரு கேடயம் விழுந்ததாம், யாரும் திருடக் கூடாதென்று அதே மாதிரி இன்னும் 11 செய்து கலந்துவைத்தார்களாம். அவர்கள் பாடிய பாட்டு பூசாரிகளுக்கே சரியாகப் புரியவில்லை என்று முதல் நூற்றாண்டில் குவின்டிலியன் என்ற ரோமானியப் பேச்சுக்கலை ஆசிரியர் எழுதியிருக்கிறார் (நம்மூர் மந்திரங்கள் ஞாபகம் வருகிறதா?). கோரிபாந்தரும் கூரேத்தரும் ஒன்றா வேறா என்ற குழப்பம் பழசு. பழைய கிரேக்கப் புவியியல் அறிஞர் ஸ்ட்ராபோ தன் ‘புவியியல்’ நூலின் பத்தாம் பகுதியில் அதைப் பற்றி நிறையவே பேசுகிறார்.

ஆகவே மூவருக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும். ‘படைக்கூத்தர்’ அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் படை என்றால் ஆயுதம் என்ற பழைய பொருள் இன்றைய வாசகருக்கு முதலில் தோன்றாது, ராணுவத்தில் கூத்துக் குழு வைத்திருக்கிறார்கள் போல என்றுதான் நினைப்பார். ‘படைக்கலக் கூத்தர்’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை. நீளம்தான், பரவாயில்லை.

‘வெறியாட்டாளர்’ என்று எழுதியவர் பாதி சரி. அந்தச் சொல்லை ஆட்களுக்கு வைக்காமல், ஆடும்போது வரும் ஆவேச நிலைக்கு வைக்கலாம். பிளேட்டோ ‘சட்டங்கள்’ நூலில் இந்த ஆட்டத்தை ஒரு சிகிச்சையாகப் பேசுகிறார்: அழுகிற குழந்தையைத் தாய் அசைத்து அசைத்துத் தூங்க வைப்பதுபோல, உள்ளே இருக்கும் அச்சத்தையும் கலக்கத்தையும் வெளியிலிருந்து வரும் அசைவு அடக்குகிறது என்பது அவர் விளக்கம். நம் அகப்பாட்டிலும் மகள் மெலிந்துபோனதைப் பார்த்து, முருகு அணங்கியது, அதாவது முருகன் பிடித்து வருத்துகிறான் என்று நினைத்த தாய், வெறியாட்டு ஆட முருகன் பூசாரியான வேலனை அழைப்பது நோய் தீர்க்கத்தானே? இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை, சொல் பொருந்துகிறது, அவ்வளவுதான். ஆனால் ‘வெறியாட்டு’ என்றே எழுதுங்கள். ‘வெறியாட்டம்’ என்றால் வெட்டுக்குத்துச் செய்தி ஆகிவிடும்.

என் முன்மொழிவு: தனிப்பெயர்களுக்கு ஒலிபெயர்ப்பு, வகைக்குப் படைக்கலக் கூத்தர், நிலைக்கு வெறியாட்டு.

சிபெலியின் இன்னொரு பூசாரிக் கூட்டத்தை, தங்களைத் தாங்களே ஆண்மைநீக்கம் செய்துகொண்டவர்களை, இதில் சேர்க்க வேண்டாம். அவர்கள் வேறு. அவர்கள் பெயரை (Galli) ஒலிபெயர்த்தால் ‘கல்லர்’ என்று வருகிறது, படிக்கிறவர் கள்ளர் என்று வாசித்துவிடுவார். அதற்கு யாராவது தனி இழை தொடங்குங்கள்.