பயோஜியோகெமிக்கல் பிராஸ்பெக்டிங்: ஒரு சொல் முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

தாவரங்களின் வேதிக் கூறுகளை அளந்து நிலத்தடித் தாதுவைத் தேடும் முறையே பயோஜியோகெமிக்கல் பிராஸ்பெக்டிங். இதற்குத் தமிழில் இதுவரை ‘தாவரவழித் தங்கவேட்டை’, ‘தாவரவேதித் தேடல்’, ‘உயிர்ப்புவிவேதி நாட்டம்’ என மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. முதலாவது செய்தித் தலைப்புக்குப் பொருந்தும், கலைச்சொல்லாக நிற்காது. செம்பு, துத்தநாகம், யுரேனியம் ஆகியவற்றையும் இம்முறையில் தேடுகிறார்கள் என்பதால் தங்கத்தைச் சொல்லுக்குள் வைத்துப் பூட்டக் கூடாது. (‘பசும்பொன் தேடல்’ என்று வைத்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அது மாற்றுக் குறையாத பொன்னுக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் பெயராயிற்றே.)

சொல்லை முடிவு செய்யுமுன், சான்று எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லிப் பகுதியில், 30 மீட்டருக்கும் கீழே தங்கம் கிடந்த இடத்துக்கு மேல் வளர்ந்திருந்த யூகலிப்டஸ் மரங்களின் இலைகளில் தங்கத் துகள்கள் இருப்பதை ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் ஆய்வாளர்கள் 2013-இல் அறிவித்தார்கள். வறண்ட நிலத்தில் நீரைத் தேடி ஆழத்துக்குச் செல்லும் வேர்கள், கரைந்த நிலையில் உள்ள தங்கத்தையும் நீரோடு சேர்த்து உறிஞ்சுகின்றன. அது இலைக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகங்களை ஒட்டி நுண்துகளாகப் படிகிறது. அளவோ நூறு கோடியில் சில பத்துப் பங்குகள்தான். காற்றில் பறந்து இலைமேல் ஒட்டிய தூசி அல்ல, திசுவுக்குள்ளேயே இருப்பது என்று காட்டுவதற்கு சிங்க்ரோட்ரான் என்னும் துகள்முடுக்கி தரும் செறிவான எக்ஸ் கதிர்களால் எடுத்த படங்கள் தேவைப்பட்டன. ஆக, மரத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இலையையோ பட்டையையோ ஆய்வகத்தில் பகுத்தால்தான் தெரியும்.

எந்தச் செடி வளர்கிறது என்பதைப் பார்த்தே தாதுவை ஊகிக்கும் ஜியோபொட்டனிக்கல் பிராஸ்பெக்டிங் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. காங்கோவின் கட்டங்காப் பகுதியில் செம்பு மிகுந்த மண்ணில் செழிக்கும் ஹவுமேனியாஸ்ட்ரம் செடியைக் கண்டு செம்பை ஊகிப்பவருக்கு ஆய்வகம் வேண்டியதில்லை, கண் போதும். இதைத் ‘தாவரக்குறித் தேடல்’ எனலாம். அத்தகைய செடிக்குக் ‘காட்டித் தாவரம்’ பொருந்தும். செடியை வளர்த்து அதிலிருந்து உலோகத்தை எடுக்கும் ஃபைட்டோமைனிங் மூன்றாவது வகை: 1998-இல் வெளியான ஆய்வொன்றில், மண்ணில் அம்மோனியம் தயோசயனேட் சேர்த்துத் தங்கத்தைக் கரையச் செய்து கடுகுச் செடிக்குள் ஏற்றிக் காட்டினார்கள். அது தேடலே அல்ல, அறுவடை. ‘பயிர்வழி உலோகமெடுப்பு’ என்று அதைத் தனியே வைத்துவிடலாம்.

‘தாவரவேதித் தேடல்’ எனக்கு முதலில் பிடித்திருந்தது. ஆயினும் தாவர வேதியியல் என்றவுடன் ஆல்கலாய்டு, டானின் போன்று செடி தானே உண்டாக்கும் சேர்மங்களைப் பற்றிய துறைதான் நினைவுக்கு வரும். இங்கே நாம் அளப்பது செடி மண்ணிலிருந்து வாங்கி வைத்திருப்பதை. மூன்றாவது சொல்லான ‘உயிர்ப்புவிவேதி நாட்டம்’ என்பதில் சிக்கல் ‘நாட்டம்’. இன்றைய வழக்கில் அது விருப்பம் என்றே பொருள்படும். ‘தேட்டம்’ என்றாலோ ஈட்டிய பொருள் என்றாகிவிடும். ‘தேடல்’ எளியது, அதுவே போதும்.

எனவே நான் முன்மொழிவது ‘தாவரவழிப் புவிவேதித் தேடல்’. நீளம் என்று குறை சொல்வீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மண் மாதிரியை எடுத்தால் மண்வழி, ஓடை நீரை எடுத்தால் நீர்வழி, இலையை எடுத்தால் தாவரவழி என்று ஒரே குடும்பமாகச் சொற்கள் அமைந்துவிடுகின்றன; செடி இதில் வெறும் ஊடகம், தேடப்படுவது புவிவேதித் தடயம் என்பதும் சொல்லிலேயே தெளிவாகிறது. ‘பயோ’ என்பது தாவரத்தைவிட விரிந்ததாயிற்றே என்று கேட்பவர்களுக்கு, ‘உயிர்வழிப் புவிவேதித் தேடல்’ என்பதைப் பொதுப்பெயராக வைத்துத் தாவரவழியை அதன் உட்பிரிவாகக் கொள்ளலாம்.

இன்னும் ஒரு சொல் மிச்சமிருக்கிறது. தங்கத்தின் அளவு மிகக் குறைவாக இருப்பதால், அதனோடு சேர்ந்து காணப்படும் ஆர்சனிக், ஆன்டிமனி போன்றவற்றையும் இலையில் அளக்கிறார்கள். இவை பாத்ஃபைண்டர் தனிமங்கள். ‘வழிகாட்டித் தனிமம்’ என்றால் காட்டித் தாவரத்தோடு குழம்பும். ‘துப்புத் தனிமம்’ என்று நான் எழுதி வருகிறேன். இதைவிடப் பொருத்தமானது யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.