கோடியாக் ஓடைக்கு .30-06 போதுமா, .375 வாங்கணுமா?

ஓடைக்காரன்:
கோடையில் அலாஸ்காவின் கோடியாக் தீவில் சால்மன் கணக்கெடுப்பு வேலை. ஓடையை ஒட்டி ஆளுயரத்துக்கு ஆல்டர் புதர், பத்தடிக்கு அப்பால் என்ன நிற்கிறது என்றே தெரியாது. குழுவுக்கு ரைஃபிள் தூக்கப்போவது நான். கையில் இருப்பது .30-06 தோட்டா போடும் போல்ட் ரைஃபிள், ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை. மானுக்கு 150 கிரெயின் (குண்டின் எடை அளவு) போட்டுச் சுட்டுப் பழக்கம். கரடிக்கு அதைவிடப் பெரிய தோட்டாவான .375 எச் அண்ட் எச் போடும் ரைஃபிள் இல்லாமல் போகாதே என்கிறார் ஒருவர். வாங்கிவிடவா?

மலைச்சாரல்:
வேண்டாம் தம்பி, துப்பாக்கி இருக்கட்டும், குண்டை மாற்றுங்கள். மானுக்கான 150 கிரெயின் குண்டு சட்டென்று விரிந்து சிதறிவிடும். பாய்ந்து வரும் கரடி தலையைத் தாழ்த்தி நேரே வரும். தோள் எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே ஆழமாகப் போகிற குண்டுதான் அதை நிறுத்தும். 220 கிரெயின், உடையாத வகைக் குண்டாகப் பாருங்கள். 1983இல் அமெரிக்க வனத்துறை அலாஸ்கா கரடிகளை மனதில் வைத்து 15 கஜ தூரத்தில் தோட்டாக்களைச் சோதித்தது. .458, .375, .338 மேக்னம்களெல்லாம் (வலிமை கூடிய தோட்டாக்கள்) முன்னால் நின்றன, சரிதான். ஆனால் 220 கிரெயின் போட்ட .30-06உம் நன்றாகவே தாக்குப்பிடித்தது.

.375 அருமையான தோட்டா. 1912லிருந்து பேர் சொல்லி நிற்கிறது. ஆனால் அதன் உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கிற கைக்கு அது உதவாது. கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். 30 மீட்டரை இரண்டே நொடியில் கடந்துவிடும். அந்த நேரத்தில் கை தானாகப் போய் நிற்பது பழகிய போல்ட்டில்தான். தோளிலிருந்து இறக்காமலே போல்ட்டை இழுத்து அடுத்ததைச் சுடப் பழகுங்கள். டெலஸ்கோப்பைக் கழற்றிவிடுங்கள், பக்கத்தில் வந்துவிட்டால் அதில் வெறும் ரோமம்தான் தெரியும். அப்புறம், 220 கிரெயின் வேறு இடத்தில் போய் விழும். குறிபார்க்கும் சைட்டைத் திரும்பச் சரிபார்க்காமல் கிளம்பாதீர்கள்.

கீழைக்காற்று:
புதருக்குள் .45-70 தோட்டா போடும் லீவர் ரைஃபிள் (விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை ஆட்டி அடுத்த தோட்டாவை ஏற்றுவது) இன்னும் வசதி, குட்டையாக இருக்கும். கனமான, கெட்டியான ஈயக்குண்டு போட்டால் மட்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மான் தோட்டாவை அதில் நம்பாதீர்கள்.

வான்மதி:
மாணவர் விசாவா, தம்பி? அப்படியானால் முதலில் இதைப் பாருங்கள். தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால்தான் விலக்கு. குழுவின் துப்பாக்கியைத் தூக்கினாலும் இதே கதைதான்.

கரடி ஸ்ப்ரேயையும் (மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் டப்பா) இடுப்பில் மாட்டுங்கள். அலாஸ்கா சம்பவங்களை வைத்து 2008இல் வந்த ஆய்வில், பழுப்புக் கரடிகளை 92 சதவீதம் முறை அது நிறுத்தியிருக்கிறது. சுட நேர்ந்தால் உடனே மாநில அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும், தோலையும் மண்டையோட்டையும் ஒப்படைக்க வேண்டும்.

ஓடைக்காரன்:
மாணவர் விசாதான் அக்கா. உரிமம் கைக்கு வரும்வரை ரைஃபிளைத் தொடமாட்டேன், இன்றே விண்ணப்பிக்கிறேன். மலைச்சாரல் அண்ணா, 220 கிரெயினே வாங்கிக்கொள்கிறேன். தோளிலிருந்து இறக்காமல் போல்ட் இழுக்க, வெற்று டம்மி தோட்டா வைத்துப் பழகலாமா?

மலைச்சாரல்:
தாராளமாக. நின்றபடியே, கையுறை போட்டுக்கொண்டு பழகுங்கள். அங்கே மழையில் கை விறைத்துத்தான் இருக்கும்.