ஏசிஎல் ஆபரேஷன் முடிந்து 10 வாரம்: மேடும் இறக்கமுமான ஊரில் ஓட்டத்தை எப்போது தொடங்கலாம்?

கோத்தகிரி_பிடி:
பையனுக்கு 19 வயது, கால்பந்தில் விங் (ஓரத்தில் ஓடி ஆடும் இடம்) ஆடுபவன். வலது முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஏசிஎல் ஜவ்வு அறுந்து, பின்தொடை தசைநாரை எடுத்து வைத்துத் தைத்திருக்கிறார்கள். மெனிஸ்கஸில் (முட்டிக்குள் இருக்கும் மெத்தை ஜவ்வு) தையல் இல்லை. இன்றோடு 10 வாரம். கால் நன்றாக மடங்குகிறது. ஆனால் குப்புறப் படுக்க வைத்துப் பார்த்தால் வலது குதிகால் இடதைவிட இரண்டு விரல்கடை மேலே நிற்கிறது. சாயங்காலமானால் முட்டி லேசாக உப்பிவிடுகிறது. வீடு ரோட்டிலிருந்து 140 படி கீழே. பிசியோவைப் பார்க்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை கோவை போகிறான். இங்கே ஜிம்மில் லெக் பிரஸ் (பாதத்தால் எடையைத் தள்ளுவது), லெக் எக்ஸ்டென்ஷன் (உட்கார்ந்து முட்டியை நீட்டி எடையைத் தூக்குவது) இரண்டும் இருக்கின்றன.

என் கேள்விகள்: ஜாகிங் எப்போது? தேயிலைத் தோட்டப் பாதையில் ஏறி இறங்கி நடக்கலாமா? லெக் எக்ஸ்டென்ஷன் போடலாமா?

குன்னூர்_பிசியோ:
சார், ஜாகிங்கை ஓரமாக வையுங்கள். குதிகால் உயரம்தான் முதல் பிரச்சினை. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் சுமார் ஒரு டிகிரி என்று கணக்கு வைத்தால், இரண்டு விரல்கடைக்கு மூன்று நான்கு டிகிரி நீட்டல் இன்னும் பாக்கி. பார்க்கக் கொஞ்சம்தான். ஆனால் முட்டி முழுசாக நீளாவிட்டால் முன்தொடைத் தசை கடைசிவரை இறுகாது, நடையில் நொண்டல் போகாது. குதிகாலுக்கு அடியில் சுருட்டிய டவல் வைத்து, முட்டிக்கு அடியில் எதுவும் இல்லாமல் காலைத் தொங்கவிடச் சொல்லுங்கள். 10 நிமிடம், ஒரு நாளைக்கு நான்கு தடவை. முட்டிச் சில்லுக்குச் சற்று மேலே 2 கிலோ மணல் பை வைக்கலாம். சில்லின் மேலேயே வைக்கக் கூடாது. முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் நீளவில்லை, நீட்டும்போது முன்பக்கம் ஏதோ தடுக்கிற மாதிரி இருக்கிறது என்றால் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்ட வேண்டும். உள்ளே தழும்புச் சதை முடிச்சு வளர்ந்து நீட்டலை மறிப்பது உண்டு. அதைத் தைலம் போட்டு நீவிச் சரி செய்ய முடியாது.

அடுத்தது வீக்கம். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பையன் மல்லாந்து படுத்து, கால் நீட்டி, தொடையைத் தளர்வாக விடட்டும். முட்டியின் உள்பக்கக் குழியிலிருந்து தொடையை நோக்கி உள்ளங்கையால் இரண்டு மூன்று தடவை மேலே வழியுங்கள், குழி காலியாகும். பிறகு வெளிப்பக்கம் மேலிருந்து கீழே ஒரே ஒரு வழி. உள்குழியில் சின்ன அலை மாதிரி மட்டும் வந்தால் சொச்சம்தான். குழி மேடாகவே உப்பினால் ஒரு படி. வெளிப்பக்கம் வழிக்காமலே தானாக நிறைந்தால் இரண்டு. மேலே வழித்துத் தள்ளவே முடியாவிட்டால் மூன்று. இரண்டு, மூன்றில் இருக்கும்போது பயிற்சியை ஏற்றக் கூடாது. நீர் கோத்த முட்டியில் முன்தொடைத் தசையை நரம்பே அடக்கி வைத்துவிடும். என்ன எடை போட்டாலும் தசை ஏறாது.

ஊட்டி_ஏற்றம்:
மலை விஷயத்துக்கு ஒரு வார்த்தை. ஏற்றம் நண்பன், இறக்கம்தான் ஆளைக் கவிழ்க்கும். ஏறும்போது தரை காலை நோக்கி உயர்ந்து வருவதால் அடி குறைவு, வேலை பின்பக்கத்துக்கும் கெண்டைக்காலுக்கும் போகிறது. இறங்கும்போது ஒவ்வொரு எட்டிலும் உடல் எடையை முட்டி மடக்கியபடியே முன்தொடை பிரேக் பிடிக்க வேண்டும், சில்லு தொடை எலும்போடு அழுந்தும். அதனால் தோட்டப் பாதையில் ஏறிவிட்டு பஸ்ஸிலோ ஜீப்பிலோ திரும்புங்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் எட்டைச் சுருக்கி, வளைந்து வளைந்து, கைக்கம்பு ஊன்றி.

அப்புறம், லெக் எக்ஸ்டென்ஷன் வேண்டவே வேண்டாம். புது ஜவ்வை இழுத்துவிடும்.

இரும்புத்தட்டு:
கடைசி வரியை ஒத்துக்க முடியாது அண்ணா. பழைய பயம் அது. ஜவ்வில் இழுவிசை ஏறுவது கால் நேராகப் போகிற கடைசிப் பகுதியில்தான். முட்டி மடக்கம் 90 டிகிரியிலிருந்து 45 வரைக்கும் 4வது வாரத்திலிருந்தே செய்யலாம், அப்புறம் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கலாம். பின்தொடை தசைநார் வைத்தவர்கள் மட்டும் 12 வாரம் முடியும்வரை கூடுதல் எடை போடக் கூடாது. இந்தப் பையன் அந்தக் கணக்கில் வருகிறான். அதனால் இப்போது வெறும் காலோடு, 12க்குப் பிறகு 90–45க்குள் லேசான எடையில், 3 செட், 10–12 தடவை. இதை விட்டுவிட்டு லெக் பிரஸ் மட்டும் போட்டால் இடுப்பு வேலையைத் திருடிக்கொள்ளும், முன்தொடை பின்தங்கியே இருக்கும். லெக் பிரஸ்ஸும் ஒற்றைக் காலில்தான். இரண்டு காலில் போட்டால் நல்ல கால் சத்தமில்லாமல் பாதிக்கு மேல் தாங்கிக்கொள்ளும்.

இறக்கத்தைத் தவிர்த்துக்கொண்டே இருக்கவும் முடியாது, வீடே 140 படி கீழே. அதைத்தான் பயிற்சியாக மாற்றணும். சிமெண்ட் சாலிட் பிளாக் 4, 6, 8 இஞ்ச் மூன்றும் எடுத்து, ஆடாமல் தரையில் போடுங்கள். 4 இஞ்ச் மேல் வலது காலில் நின்று, இடது குதிகாலை மூன்று எண்ணி இறக்கி, தரையைத் தொட்டதும் எடை போடாமல் திரும்ப மேலே. 3 செட், 8 தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். முட்டி உள்ளே சாய்ந்தாலோ இடுப்பு ஒருபக்கம் சரிந்தாலோ அதே உயரத்தில் நில்லுங்கள். எதிரில் செல்போனை வைத்து வீடியோ எடுத்தால் பொய் சொல்ல முடியாது.

பலத்தை அளக்க மெஷின் இல்லையென்று கவலைப்பட வேண்டாம். மூட்டை நிறுக்கிற டிஜிட்டல் தொங்கு தராசு போதும், 150 கிலோவாவது தாங்கணும் (லக்கேஜ் தராசு 50 கிலோவில் முடிந்துவிடும்). கனமான மேசையில் உட்கார்ந்து முட்டி 90 டிகிரி. கணுக்காலுக்கு மேல் பட்டை, பின்னால் மேசைக் காலில் தராசு. நீளாத பெல்ட்டாக, தரைக்குக் கிடையாக இருக்கணும். 5 விநாடி முழு பலத்தோடு முன்னே உதை, ஒரு நிமிடம் ஓய்வு, மூன்று முறை, அதிகமானதை எடுங்கள். நல்ல கால் 60, ஆபரேஷன் கால் 42 என்றால் 70 சதவீதம். இந்த முழு உதையும் 12 வாரம் முடிந்த பிறகுதான்.

ஊட்டி_ஏற்றம்:
சரி, திருத்தம் ஏற்கிறேன். எனக்குச் சொன்னவர் கோணத்தைச் சொல்லவில்லை.

கோத்தகிரி_பிடி:
வழித்துப் பார்த்தேன். காலையில் சொச்சம், படி ஏறி இறங்கிய சாயங்காலத்தில் வழிக்காமலே நிறைகிறது. இன்னொன்று: ஆபரேஷனிலிருந்து ஆறாம் மாதம் ஒரு போட்டி வருகிறது. "கடைசி 20 நிமிடம் மட்டும் இறக்குவோம்" என்கிறார்கள்.

குன்னூர்_பிசியோ:
சாயங்காலம் வீக்கம் இரண்டில் என்றால் வீட்டுப் படிகள்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு வாரம் நாளைக்கு ஒரே இறக்கம் என்று வையுங்கள். முடிந்தால் மேலே சொந்தக்காரர் வீட்டில் தங்கட்டும். கோவை பஸ்ஸில் நடைபாதை ஓர சீட்டில் காலை நீட்டி உட்கார வேண்டும், மேட்டுப்பாளையத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். கெண்டைக்கால் தனியாக வலித்து வீங்கினாலோ, காய்ச்சலோடு முட்டி சிவந்து சுட்டாலோ அன்றே ஆஸ்பத்திரி.

ஓட்டம்: 12 வாரம் தாண்டி, முழு நீட்டல், வீக்கம் சொச்சத்துக்கு மேல் இல்லை, தராசில் 70 சதவீதம், 8 இஞ்ச் பிளாக்கில் 10 தடவை சுத்தமாக. இத்தனையும் இருந்தால் கோத்தகிரி காந்தி மைதானம் போன்ற சமதளத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, 8 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். மறுநாள் காலை வழித்துப் பார்த்து வீக்கம் ஒரு படி கூடியிருந்தால் இரண்டு நாள் ஓய்வு, பிறகு பழைய அளவு. சரிவில் ஓடி இறங்குவது எல்லாவற்றுக்கும் கடைசி, ஆறாம் மாதத்தையொட்டி.

போட்டி வேண்டாம். வைத்த தசைநார் ஜவ்வாக மாற மாதங்கள் ஆகும், முதல் மூன்று மாதத்தில் அது நலிந்துகூடப் போகும். வலி இல்லாததால் பையனுக்கு அது தெரியாது. 2016-இல் வந்த, ஏசிஎல் ஆபரேஷன் ஆனவர்களைப் பின்தொடர்ந்த டெலவேர்–ஆஸ்லோ ஆய்வில், ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுவது பாதியளவு குறைந்தது. 20 நிமிடம் என்பது சமாதானமே இல்லை. களைத்த தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே முழு வேகத்தில் திரும்ப வேண்டிய நேரம் அது. நெய்மார் 2023 அக்டோபரில் இதே ஜவ்வு அறுந்து 2024 அக்டோபரில்தான் களத்துக்கு வந்தார் என்று பையனிடம் சொல்லுங்கள், நாம் சொல்வதைவிட எடுபடும்.

ஒன்பதாம் மாதத்தில் தராசிலும், ஒற்றைக் காலில் தாவும் தூரத்திலும் 90 சதவீதம் வரட்டும். திரும்பிய பிறகும் காலைப் பனி காயாத புல்லில் நீளமான ஸ்டட் (பூட்ஸின் அடியில் உள்ள முளை) வேண்டாம். பூட்ஸ் மண்ணில் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பும்.

கோத்தகிரி_பிடி:
போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. தராசு சந்தையில் ஒரு காய்கறி மண்டியில் இருக்கிறது, கேட்டிருக்கிறேன். 12வது வாரம் அளந்து இங்கேயே போடுகிறேன்.